எஃப்.ஐ வண்டியும் வாட்ஸ்அப் குழுவும்: ஒர்க் ஷாப்காரனின் அனுபவம்

2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானதும் எங்களைப் போன்ற பழைய மெக்கானிக்குகள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய கார்பரேட்டர் என்றால் கழற்றி, ஜெட்டை ஊதி, ஸ்க்ரூவைத் திருப்பி, சத்தத்தைக் கேட்டே சரிசெய்துவிடுவோம். அந்த விதிக்காக வந்த எஃப்.ஐ வண்டியில், அதாவது சென்சாரும் கம்ப்யூட்டரும் பெட்ரோலை அளந்து தெளிக்கும் வண்டியில், அந்த வேலைக்கே இடமில்லை. கம்பெனிப் பயிற்சியெல்லாம் ஷோரூம் ஆட்களுக்கு. மார்த்தாண்டம் பக்கம் ரோட்டோரத்தில் கடை போட்டிருப்பவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? அந்தச் சமயத்தில்தான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரையுள்ள மெக்கானிக்குகள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் நுழைந்தேன். இன்றுவரை அதுதான் எனக்குப் பயிற்சிக்கூடம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கேள்வி கேட்கும் பயம் போனது. நான் தொழில் படித்த காலத்தில் மேஸ்திரியிடம் 'ஏன்?' என்று கேட்டால் ஸ்பேனர்தான் பறந்து வரும். இப்போது என் கடைப் பையன் கூச்சமே இல்லாமல், "அண்ணே, செக் லைட் ஒரு தடவை நீளமா, ரெண்டு தடவை குட்டியா மினுங்குது, என்ன கோடு?" என்று வாய்ஸ் போடுகிறான். மீட்டரில் உள்ள எஞ்சின் விளக்கு மினுங்கி, கோளாறை எண்ணாகச் சொல்வதுதான் கோடு (code). பல வண்டிகளில் நீள மினுக்கு பத்து, குட்டி மினுக்கு ஒன்று. ஆக, பன்னிரண்டு. டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிடும்.

குளச்சலில் இருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஐடிலிங் நிற்கவில்லை, அதாவது ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் நின்றுவிடும். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் சென்சாரின் கோடு காட்டியது. குழுவில் நாலு பேர் 'சென்சாரை மாற்று' என்றார்கள். முட்டம் பக்கத்து அண்ணன் ஒருவர் மட்டும், "மாத்தாத மக்கா, மொதல்ல கப்ளரைக் கழற்றிப் பாரு" என்றார். வயரைச் சென்சாரோடு இணைக்கும் அந்தக் கப்ளரைக் கழற்றினால், உள்ளே இருக்கும் பின்களெல்லாம் (pin) பச்சைக் களிம்பு. உப்புக்காற்று செய்த வேலை. காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, மல்டிமீட்டர் வைத்து ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினோம். சென்சாருக்குப் போகும் மின்சாரம் 5 வோல்ட். திரும்பி வரும் சிக்னல் அரை வோல்ட் சுமாரில் தொடங்கி, எங்கேயும் குதிக்காமல் ஏறியது. சென்சார் நன்றாகவே இருந்தது. கஸ்டமருக்குப் புது சென்சார் காசு மிச்சம். நான் புரட்டிய மேனுவல் எதிலும் குளச்சல் காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

குறைகளும் உண்டு. குட்மார்னிங் படங்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிரச்சினையைச் சொல்லி எல்லோரையும் யோசிக்க வைத்துவிட்டு, கடைசியில் வெறும் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எது செய்து சரியானது என்பதைச் சொல்ல மாட்டார்கள். தொழில் ரகசியமாம்! வாய்ஸில் வந்த நல்ல பதிலை ஆறு மாதம் கழித்துத் தேடி எடுப்பதும் பெரும்பாடு. அதனால் வயரிங் படங்களையும் பி.டி.எஃப்.களையும் டெலிகிராம் சேனலில் போட்டு வைக்கிறோம். புதிதாகச் சேர்பவரும் பழையதை எடுத்துப் பார்க்கலாம்.

யூடியூபில் நான் அதிகம் பார்ப்பது மலையாள வீடியோக்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு அது சிரமமே இல்லை. ஆனால் வீடியோ பார்த்த தைரியத்தில் பையன் வயரைப் பிடித்து இழுத்துக் கப்ளரைக் கழற்றுவான். லாக்கை எவ்வளவு அழுத்தினால் விடும், எங்கே உடையும் என்பதைப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும். அந்த வேலை இன்னும் என் தலையில்தான்.

இப்போது குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறோம்: கேள்வி கேட்டவர் வண்டி மாடல், வருடம், கோடு, கடைசியில் எது செய்து சரியானது என நாலையும் எழுதியே முடிக்க வேண்டும். கூடவே வண்டி ஓடுவது கடல் பக்கமா, குலசேகரம் மாதிரி மலைப் பக்கமா என்பதும். பாதிப் பேர் எழுதுகிறார்கள். 2023 ஏப்ரலில் பி.எஸ்.6 இரண்டாம் கட்டம் வந்த பிறகு வண்டிக் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் கடையை ஓட்ட முடியாத நிலை. தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று சில பேர் காசு போட்டு ஒன்று வாங்கினோம். இப்போது குழுவில் வரும் மெசேஜில் பாதி, 'ஸ்கேனர் யார் கையில இருக்கு?' என்பதுதான்.