வேர்ல்டுவியூவோடு மூன்று வருடம்: தண்டையார்பேட்டை மாடியிலிருந்து

அம்மாவுக்கு வீசிங் உண்டு. தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். துணி காயப்போடும் முன் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தால் துணி கறுத்துவிடும். அந்தக் கரி எங்கிருந்து வருகிறதென்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கயிறு சுத்தமாக இருந்தும் வானம் வெளிறிப்போய், அம்மாவுக்கு மூச்சு இழுக்கும் நாட்களும் உண்டு. அதற்குக் காரணம் தேடிப் போனபோதுதான் செயற்கைக்கோள் படங்களை நாள்வாரியாகக் காட்டும் நாசாவின் வேர்ல்டுவியூ இணையதளம் கண்ணில் பட்டது. மூன்று வருடமாக அநேகமாகத் தினமும் பார்க்கிறேன்.

இலவசம். கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம். அதற்குப் படம் தரும் செயற்கைக்கோள்களில் ஒன்றான நோவா-20 மதியம் ஒன்றரை மணி வாக்கில் நம்மைக் கடக்கும்; படம் ஏற மூன்று மணி நேரம் போல ஆகும். அதனால் சாயங்கால டீ நேரம்தான் எனக்குத் தோது.

மேகத்தையும் புகையையும் பிரித்துப் பார்க்கவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மேகம் பளீர் வெள்ளை, விளிம்பு தெரியும். புகை நீலம் கலந்த சாம்பல், பாலில் தண்ணீர் ஊற்றியதுபோல் கீழே இருக்கும் நிலம் மங்கலாகத் தெரியும். சந்தேகம் வந்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துக் காட்டும் M11-I2-I1 என்ற படத்துக்கு மாற்றுங்கள். அதில் புகை வெகுவாக மங்கிவிடும், மேகம் மங்காது; எரிந்த நிலம் செம்பழுப்பாகத் தெரியும். தூசியின் நிறமே வேறு. குவைத்தில் இருக்கும் மச்சான் ஜூன் மாதம் போனில், "கதவைத் திறக்க முடியல" என்றார். அன்றைய படத்தில் ஈராக்கிலிருந்து வளைகுடா வரை சந்தனத்தைக் கரைத்து இழுத்தது மாதிரி ஒரு பட்டை. ஷமால் என்று அங்கே சொல்லும் வடமேற்குக் காற்று கிளப்பிய மண்.

எனக்கு மிகவும் உதவியது ஜனவரியில்தான். அம்மாவுக்கு இரண்டு நாளாக இழுப்பு. தேதியைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கங்கைச் சமவெளியை மூடியிருந்த சாம்பல் போர்வை வங்காளக் கரையில் கடலுக்குள் இறங்கி, வடகிழக்குக் காற்றோடு ஒடிசா, ஆந்திரக் கரையை ஒட்டி நம் பக்கம் நீண்டிருந்தது. டாக்டரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். இன்ஹேலர் அளவை எப்படி வைத்துக்கொள்வது என்று அவர் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் நெருப்பைக் காட்டும் சிவப்புப் புள்ளி எல்லாம் காட்டுத்தீ இல்லை, ஆலைகளில் எரியும் வாயுச் சுடரும் புள்ளியாக விழும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மேகம் மூடிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. காற்றில் மிதக்கும் நுண்துகளைக் காட்டும் ஏரோசால் படம் சொல்வது தரையிலிருந்து வானம் வரை மொத்தமாக இருப்பதை. புகை மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிறதா, நம் மூக்குக்கு நேரே நிற்கிறதா என்பதை அதில் பிரிக்க முடியாது. அதற்குத் தரையில் இருக்கும் கருவிதான் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ராயபுரம் காற்றுத் தர அளவுகளைச் சேர்த்தே பார்க்கிறேன்.

எனக்கு வருத்தம் இன்னொன்றில். பக்கத்துக் குப்பைமேடு புகைந்த இரவு, பிளாஸ்டிக் நாற்றத்தில் ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்தோம். மறுநாள் படத்தில் எங்கள் பகுதி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஜுவாலை இல்லாமல் உள்ளுக்குள் கனியும் சின்ன நெருப்பு, 375 மீட்டர் கட்டங்களில் பார்க்கும் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும். படம் சுத்தமாக இருப்பதைக் காட்டி யாராவது எங்கள் புகாரைத் தள்ளினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றிலிருந்து புகை வந்த நேரத்தையும் காற்றடித்த திசையையும் நோட்டில் எழுதி, மாடியிலிருந்து போட்டோவும் எடுத்துவைக்கிறேன்.

"இன்னிக்கு எந்த ஊரு பொகைடா?" என்று டீயோடு வந்து உட்காருவார் அம்மா. நான் படத்தைத் திறப்பேன்.