‘எ’ (a) போடுவதா, ‘த’ (the) போடுவதா?

தொடக்கநிலைப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

கேட்பவருக்கு எது என்று தெரியாவிட்டால் ‘எ’: ‘ஐ சா எ பஸ்’.
தெரிந்தால் ‘த’: ‘த பஸ் வாஸ் லேட்’.

‘எ’ எண்ணக்கூடிய ஒருமைக்கு மட்டும். ஃபர்னிச்சர் எண்ண முடியாத பெயர் என்பதால் ‘எ ஃபர்னிச்சர்’ தவறு.
‘த’ பன்மைக்கும் பொருந்தும்.

ஒலியில் ‘எ’தான் சிக்கல்: உயிரொலிக்கு முன் அது ‘ஆன்’ (an) ஆகிவிடும். எழுத்தைப் பார்க்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். எச் (H), எம் (M) இரண்டும் உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன் எச்டிபி ஃபிளாட்’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு), ‘ஆன் எம்ஆர்டி ஸ்டேஷன்’ (பெருவிரைவு ரயில் நிலையம்). யகர ஒலியில் தொடங்கும் யுனிவர்சிட்டிக்கு ‘எ’. ‘த’வுக்கு எழுத்து மாறாது, உயிரொலிக்கு முன் ‘தி’ என்று ஒலிக்கும், அவ்வளவுதான்.

இடப்பெயரென்றால் ‘த சிங்கப்பூர் ரிவர்’ சரி. ஆர்ச்சர்ட் ரோடு, சாங்கி ஏர்போர்ட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

புதிதாக அறிமுகப்படுத்தவும் தொழிலைச் சொல்லவும் ‘எ’: ‘ஷி இஸ் எ நர்ஸ்’. ‘அவர் தாதி’ என்றே பேசிப் பழகியவர்கள் இதை விட்டுவிடுவார்கள். முன்பே சொன்னதற்கும், ‘த சன்’ போல ஒன்றே ஒன்றாக இருப்பதற்கும் ‘த’.