மடக்குப் பலகையும் பதினொரு காந்தமும்

2025 நவம்பர் 18 இரவு, ஹாங்காங்கின் கை தக் விளையாட்டரங்கில் சிங்கப்பூர் 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணக் கால்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்றது. தொலைக்காட்சியை அணைக்கும் முன்பே என் மச்சான், "இடைக்காலமாக இருக்கும் கேவின் லீயை நிரந்தரப் பயிற்றுவிப்பாளராக்க வேண்டும்" என்று ஆரம்பித்துவிட்டார். என் மகன் அவரை மடக்கினான்: "மாமா, நம்மவர்கள் எந்த வியூகத்தில் ஆடினார்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்." ஷாவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் அடித்த கோல்கள் இருவர் கண்ணிலும் அப்படியே நின்றன. மற்ற ஒன்பது பேர் எங்கே நின்றார்கள் என்பதை எங்களால் சொல்ல முடியவில்லை.

அந்த வார இறுதியிலேயே குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போய், ஆட்டக்காரர்களை எங்கே நிறுத்துவது என்று வைத்துப் பார்க்கும் இந்த வியூகப் பலகையை வாங்கினேன். விலை 28 வெள்ளி. புத்தகம் போல மடங்குவது. கறுப்பு உறை, ஓரத்தில் ஜிப், உள்ளே பச்சைத் திடல், சிவப்பில் பன்னிரண்டு, நீலத்தில் பன்னிரண்டு காந்த வில்லைகள், ஒரு மார்க்கர் பேனா, சிறு துடைப்பான். விரித்தால் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையில் சரியாக அடங்குகிறது. நாங்கள் கூடுவது அங்கேதான்.

குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீல வில்லைகளில் இரண்டுக்குக் காந்தமே இல்லை. மறுநாள் கொண்டுபோனபோது கடைக்காரர் பலகையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "விற்ற பொருளை மாற்றித் தர மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. இன்னொரு குறை, மடிப்பு நடுக்கோட்டின் மேலேயே ஓடுகிறது. அங்கே வைக்கும் வில்லை ஒரு பக்கம் சாய்ந்து, பலகையைத் தூக்கியதும் கீழே விழுகிறது. மத்தியத் திடல் ஆட்டக்காரரை எப்போதும் ஒரு விரல் தள்ளித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. வியூகத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே செய்த பொருளில் இது சிறிய பிழை அன்று.

ஆனாலும் இந்தப் பலகை எங்கள் பேச்சையே மாற்றிவிட்டது. முன்பெல்லாம் பயிற்றுவிப்பாளர் என்றால் ஜப்பானியரா, ஐரோப்பியரா, உள்ளூர்க்காரரா என்பதோடு எங்கள் வாதம் நின்றுவிடும். இப்போது யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் பதினொரு வில்லைகளை அவர் முன்னால் தள்ளிவிடுகிறோம். "உங்கள் ஆள் இவர்களை எப்படி நிறுத்துவார், வைத்துக் காட்டுங்கள்." மச்சான் ஆசையோடு, பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர் என்று 4-3-3 வைத்தார். இரு ஓரங்களிலும் வேகமாக ஓடும் ஆட்டக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஏறி வரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். "ஏறிப் போனவர் திரும்பி வருவதற்குள் பந்து நம் பக்கம் வந்துவிட்டால்?" என்று மகன் கேட்டான். மச்சான் சற்று நேரம் பார்த்துவிட்டு நடுவிலிருந்து ஒரு வில்லையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு இன்னொன்றையும் இழுத்தார். கடைசியில் பின்வரிசையில் ஐவர் நின்றார்கள்.

கிளப் பயிற்றுவிப்பாளருக்கு ஆள் போதவில்லை என்றால் புதிய ஆளை வாங்கலாம். தேசிய அணியில் அந்த வழி இல்லை. குடியுரிமை உள்ளவர்களை வைத்து, பயிற்சிக்குக் கிடைக்கும் சில நாள்களுக்குள் அணியைச் சேர்க்க வேண்டும். ஆகவே தனக்குப் பிடித்த வியூகத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வருபவர் நமக்கு வேண்டாம். இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வியூகத்தை அமைப்பவர் வேண்டும், அவருக்கு அவகாசமும் கொடுக்க வேண்டும். ராட்கோ அவ்ராமோவிச் 2003இல் பயிற்றுவிப்பாளராக வந்து 2012 வரை இருந்தார். 2004, 2007, 2012 என மூன்று முறை தென்கிழக்காசியக் கிண்ணம் நமக்குக் கிடைத்தது. 2012 இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் ஜாலான் புசார் விளையாட்டரங்கில் தாய்லாந்தை 3-1 என்று வென்றபோது நான் அந்தக் கூட்டத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவன்.

இந்தப் பலகையில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது 2021 டிசம்பர் 25 ஆட்டத்துக்குத்தான். தென்கிழக்காசியக் கிண்ணத்தில் இந்தோனீசியாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் சுற்று. அதில் நம்மவர் இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார்கள். மகன் சிவப்பில் இரண்டு வில்லைகளை எடுத்து உறைக்குள் போட்டுவிட்டு, "அப்பா, ஒன்பது பேர். இப்போது நிறுத்துங்கள்" என்றான். கோல்காப்பாளருக்கு முன்னால் நால்வர், மூவர், ஒருவர் என்று வைத்தேன். ஓரங்கள் காலியாகத் தெரிந்தன. ஓரத்தை அடைத்தால் நடுப்பகுதி திறந்துகொண்டது. அப்படி ஒன்பது பேரோடு நின்ற நேரத்தில்தான் ஷாஹ்டான் சுலைமான் ஃபிரீ கிக்கில் கோல் போட்டு நம்மை 2-1 என்று முன்னிலைக்குக் கொண்டுபோனார். கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றோம். பயிற்றுவிப்பாளர் தட்சுமா யோஷிடாவின் அந்த அணி எவ்வளவு ஓடியிருக்க வேண்டும் என்பது வில்லைகளுக்கிடையே இருந்த இடைவெளியைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

என் அப்பா இந்த வாதங்களில் சேர மாட்டார். ஒருநாள் மட்டும் பேனாவை வாங்கி ஒரு சிவப்பு வில்லையில் 'சமது' என்று எழுதி, கோல்காப்பாளருக்கு முன்னால் வைத்தார். 1977இல் சூ செங் குவீ பயிற்றுவிப்பில் மலேசியக் கிண்ணம் வென்ற சிங்கப்பூர் அணியின் தலைவர் சமது அல்லாப்பிச்சையைச் சொல்கிறார். "பின்னால் இவர் நிற்கட்டும், மற்றவர்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மார்க்கர் மை பலகையில் ஈரத்துணிக்குப் போய்விடுகிறது, வில்லையில் போகவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். 28 வெள்ளி சற்று அதிகம்தான். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பலகையை விரித்து, இருபத்து நான்கு வில்லைகளையும் ஒட்டி, செங்குத்தாகத் தூக்கிப் பாருங்கள்.