லாங்கு பஜார் பைண்டிங் கடையும் ஒரு வங்காளக் கவிதைப் புத்தகமும்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறோம். பிப்ரவரியில் மேற்கு வங்காளத்தின் பர்த்தமானிலிருந்து வந்து தங்கிய ஓர் அக்கா, ஊருக்குக் கிளம்பும்போது அலமாரியில் ஒரு புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார். வங்காளக் கவிஞர் ஜீபனானந்த தாஸின் 'ரூபசி பாங்ளா'. அட்டை கிடையாது. தையல் விட்டுத் தாள்கள் தனித்தனியாகக் கிடந்தன. போனில் சொன்னதும் அழுதுவிட்டார். அவருடைய அப்பாவின் புத்தகமாம். "ஜூனில் செக்கப்புக்கு வருவேன், அதுவரை பத்திரமாக வையுங்கள் திதி" என்றார். வங்காளத்தில் திதி என்றால் அக்கா.

அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். நோட்டு, ரசீது புக் தைக்கிற கடை. பாய் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது எந்தப் பக்கம்மா மேலே?" துணி காயப்போட்ட கொடி மாதிரி எழுத்தெல்லாம் மேல்கோட்டில் தொங்கும், கோடு மேலே வரட்டும் என்றேன். பக்க எண்ணும் வங்காளத்தில்தான். பத்து எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

அப்படியும் ஒரு தப்பு நடந்தது. வங்காள 4 பார்ப்பதற்கு நம் 8 போலவே இருக்கும்; 7 நம் 9 போல. நாற்பதுகள் எண்பது என்று போய்ப் பின்னால் சேர்ந்துவிட்டன. காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் நூலை அறுத்து, மறுபடி அடுக்கி, கையாலேயே தைத்தார். நாலு நாள் என்றது ஒன்பது நாளானது அதனால்தான். எனக்கு வருத்தமில்லை.

நான் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம், மொட்டை மாடியில் அக்கா சொன்ன கதை. இப்போது பங்களாதேஷில் இருக்கும் பரிசாலில் 1899-ல் பிறந்த கவிஞர். ஆங்கில ஆசிரியர் வேலை அடிக்கடி கை நழுவியது. 1954 அக்டோபரில் கல்கத்தாவில் டிராம் மோதி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். இந்தக் கவிதைகளை இருபது வருடத்துக்கு முன்பே நோட்டில் எழுதி, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார், 1957-ல்தான் புத்தகமானது. நாவல்களும் கதைகளும்கூட டிரங்குப் பெட்டியில் கிடந்தன. பூமேந்திர குஹா என்கிற டாக்டர் அந்தக் கையெழுத்தைப் பல வருடம் உட்கார்ந்து படியெடுத்திருக்கிறார். கணவரின் ஆபரேஷனுக்கு முந்தின இரவு அக்கா வாசித்த கவிதையில், தான்சிரி ஆற்றங்கரைக்குத் திரும்பி வருவேன், மனிதனாக இல்லாவிட்டால் மைனாவாகவாவது என்று கவிஞர் சொல்கிறார். அந்தப் பக்கத்து ஓரத்தில் அக்காவின் அப்பா பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறார்.

அந்த ஓரத்தைப் பாய் வெட்டவில்லை. மெஷினில் வெட்டினால் விளிம்பு அழகாக வரும், ஆனால் பென்சில் எழுத்து போய்விடும் என்று அவரே சொன்னார். பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார், பூச்சி அண்டாது. அட்டைக்கு நான் கேட்ட பச்சை காலிக்கோ துணி கிடைக்கவில்லை, மெரூன்தான். 220 ரூபாய் ஆனது.

பழைய புத்தகம் இருந்தால் தைரியமாகக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போங்கள். வேறு மொழிப் புத்தகம் என்றால் பக்க எண்ணை ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் நம் எண்ணிலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.