டபிள்யூஆர்எக்ஸுக்கு 22 மி.மீ. பின்பக்க ஸ்வே பார்: வீட்டில் மாட்டி ஆறு மாதம் ஓட்டியபின்

என்னுடையது 2015 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். எஞ்சினைப் பற்றிக் குறையே இல்லை. ஆனால் ஹைவேயிலிருந்து இறங்குகிற வட்டமான ராம்ப்பில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டே போகும், ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தாலும் கேட்காது. அதற்காகத்தான் வொயிட்லைன் தயாரிப்பான 22 மி.மீ. விட்டமுள்ள பின்பக்க ஸ்வே பார் வாங்கினேன். இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற முறுக்குக் கம்பி அது. கம்பெனியில் வந்தது 20 மி.மீ.

"ரெண்டு மில்லிமீட்டருக்கா இவ்வளவு பணம்?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், பாரின் இரு முனைக் கைகளின் நீளம் அதேயாக இருந்தால் 20-லிருந்து 22-க்குப் போவது கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடுதல். பார்த்தால் தெரியாது, ஓட்டினால் தெரியும்.

மாட்டுகிற வேலையில் கஷ்டம் பார் அல்ல, துரு. நான் இருப்பது பிட்ஸ்பர்க் பக்கம், குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அதனால் இரண்டு நாள் முன்பே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். அப்படியும் இடதுபக்க லிங்க் (பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி) நட்டு அசையவில்லை. கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, மறுபடி எண்ணெய் விட்டு, கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாகப் போனபோது பழுப்புத் தூளாக உதிர்ந்துகொண்டே வந்தது. மொத்த வேலை இரண்டரை மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் இந்த ஒரே நட்டுக்கு.

இன்னொன்று, முதலில் இடப்பக்கம் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு புது பாரை மாட்டப் பார்த்தேன். லிங்க் துளையும் பாரின் துளையும் ஒரு விரல்கடை தள்ளி நின்றன. நெம்பி உள்ளே தள்ளலாம் போலத்தான் இருந்தது, தள்ளக் கூடாது. ஒரு சக்கரம் தொங்கி மறு சக்கரம் தரையில் இருந்தால் பார் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கும். பின்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்தில் ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தியதும் போல்ட் கையாலேயே வழுக்கி உள்ளே போனது. வெறும் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள், முன்சக்கரங்களுக்கு முட்டும் கொடுத்துவிடுங்கள்.

பாரைச் சுற்றி பிராக்கெட்டுக்குள் பிடித்திருக்கும் உறையான புஷ் பாலியூரித்தேன். ரப்பர் போல விட்டுவிட முடியாது, உள்வட்டம் முழுக்க கூடவே வருகிற கிரீஸைத் தாராளமாகப் பூச வேண்டும். காய்ந்து போனால் கீச்சிடும். நான் நன்றாகவே பூசினேன், இதுவரை சத்தம் இல்லை.

சரி, ஓட்டம் எப்படி? ராம்ப்பில் இப்போது மூக்கு உள்ளே திரும்புகிறது, சாய்வும் குறைந்திருக்கிறது. பின்சீட்டில் மகளின் தண்ணீர் பாட்டில் முன்பெல்லாம் அந்த வளைவில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு உருளும். இப்போது அதே வேகத்தில் போட்ட இடத்தில் கிடக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் வித்தியாசம் ஒன்றும் இல்லை, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் உதறல் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம்.

பாரின் முனையில் லிங்க்கை மாட்ட ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் உண்டு, எந்த ஓட்டையில் மாட்டுவது என்பதுதான் முக்கியம். நுனியில் இருப்பது மென்மை, உள்ளே போகப்போக விறைப்பு. ஆசைப்பட்டு உள் ஓட்டையில் இரண்டு வாரம் ஓட்டினேன். காய்ந்த ரோட்டில் அருமை. மழை பெய்த ஒரு மாலை, அதே ராம்ப்பின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளித்தேன், ஆனால் குடும்பம் உட்காரும் வண்டியில் அது வேண்டாம். அன்று ராத்திரியே வெளி ஓட்டைக்கு மாற்றிவிட்டேன், ரோட்டுக்கு அதுவே போதும். டயர் தேய்ந்திருந்தால் முதலில் டயருக்குச் செலவு செய்யுங்கள், பார் அப்புறம்.

மாட்டி 150 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சோடு (போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி அடியில் படுத்தேன். பிராக்கெட் போல்ட் ஒன்று இன்னும் கொஞ்சம் இறுகியது.