எஸ்எஸ்ஹெச் கீ: யோசிக்காமல் யெஸ் அடித்த காலம்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, கமாண்ட் லைனிலிருந்து வரும் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வேலைகளுக்குக் கடவுச்சொல் வாங்குவதை நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நானும் அப்போதுதான் வேறு வழியில்லாமல் கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் கீ பக்கம் வந்தேன்.

செட்டப் ஐந்தே நிமிடம். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையில் ஈடி25519 என்று வகையைக் கொடுத்தால் இரண்டு கோப்புகள் வரும். பெயர் 'பப்' என்று முடிவதைத் திறந்து கிட்ஹப் செட்டிங்ஸில் ஒட்ட வேண்டும். மற்றது கணினியை விட்டு நகரவே கூடாது. கீயைப் பூட்டும் பாஸ்ஃப்ரேஸை நான் காலியாக விட்டேன், சோம்பேறித்தனம். கீயை மாற்றாமலே அதைப் பிறகு சேர்க்கலாம் என்று தெரிந்ததும் சேர்த்தேன். ஏஜென்ட் என்ற பின்னணி நிரல் கீயை நினைவில் வைத்துக்கொள்வதால் பெரிய தொல்லை இல்லை.

முதல் இணைப்பில் எதிர்முனை சர்வரின் கைரேகை (அதன் கீயை அடையாளம் காட்டும் எழுத்துச் சரம்) ஒன்றைக் காட்டி 'யெஸ்ஸா நோவா' என்று கேட்டது. யார் படிக்கிறார்கள்? யெஸ்.

2023 மார்ச் 24 காலை அதற்குப் பலன் கிடைத்தது. திரை முழுக்க @ குறிகள், எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது என்ற எச்சரிக்கை. பீனிக்ஸில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "உனக்கும் கிட்ஹப்புக்கும் நடுவுல எவனாவது உட்கார்ந்திருக்கானா பாரு தம்பி" என்று வயிற்றில் புளியைக் கரைத்தார். விஷயம் என்னவென்றால், கிட்ஹப் தன் சர்வரை அடையாளம் காட்டும் ஆர்எஸ்ஏ வகை ஹோஸ்ட் கீயை நம் நேரம் ஏழு மணிவாக்கில் மாற்றியிருந்தது. என் கணினி சேமித்து வைத்திருந்த பழைய பதிவை நீக்கிவிட்டு, அவர்கள் தளத்தில் போட்டிருந்த கைரேகையோடு ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டேன்.

அதே வருஷம் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) ஆட்டம் வேறு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உள்ள காபிக் கடைக்கு ஓடுவேன். அங்கே பிரவுசர் ஓடும், கிட்ஹப்புக்கு நிரலை அனுப்பும் புஷ் மட்டும் பதில் வராமல் டைம்-அவுட். கீயைச் சந்தேகப்பட்டு அழித்துப் புதிதாகப் போட்டது வீண் வேலை. 'பெர்மிஷன் டினைட்' வந்தால்தான் கீயைப் பார்க்க வேண்டும். டைம்-அவுட் என்றால் வழியில்தான் அடைப்பு. கடை வைஃபையில், எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் போகும் வாசலான 22-ஆம் போர்ட்டை மூடியிருந்தார்கள். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட்நேமை 'எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம்' என்றும், போர்ட்டை பிரவுசர் போகும் 443 என்றும் மாற்றினேன்.

புது முகவரி என்பதால் மறுபடி அதே கேள்வி. இந்தத் தடவை காபியைத் தள்ளி வைத்துவிட்டு, கடை வைஃபையை நம்பாமல் போன் டேட்டாவில் கிட்ஹப் பக்கத்தைத் திறந்தேன். கிட்ஹப் சர்வரின் ஈடி25519 கைரேகை, கூட்டல் குறியில் தொடங்குவது. கடைசி எழுத்துவரை விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் யெஸ்.