போர்ட்ரெய்ட் படங்களை 'மீட்டுத் தருகிறோம்' என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

போனில் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படம் கம்ப்யூட்டருக்கு வந்ததும் பின்னணி மங்கல் காணாமல் போய்விட்டதா? எடிட் செய்யலாம் என்று திறந்தால் 'இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்று வருகிறதா? இணையத்தில் தேடியபோது எனக்கு முதலிலேயே வந்து நின்றது, சேதமான போர்ட்ரெய்ட் படங்களை மீட்டுத் தருவதாக விளம்பரம் கொடுத்திருந்த ஒரு தளம். அவர்களிடம் பணம் கட்டினேன். பணமும் போனது, வந்த படங்களும் ஒன்றுக்கும் உதவாதவை. பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நடந்தது இதுதான். தங்கை அம்மாவை ஐபோனில் எடுத்த படங்கள் அவை. போனில் பார்த்தால் அம்மா முகம் தெளிவாக, பின்னால் இருப்பதெல்லாம் மென்மையாக மங்கி, பார்க்கவே நன்றாக இருக்கும். பெரிதாக அச்சடிக்கலாம் என்று கேபிள் போட்டு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு எடுத்தேன். திறந்து பார்த்தால் மங்கல் இல்லை. பின்னால் தொங்கும் துணிகூட மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. சில படங்கள் எடிட்டரில் திறக்கவே இல்லை.

அந்தத் தளத்தின் முகப்பில் ஒரு கட்டம் இருக்கும். இலவசப் பரிசோதனை என்பார்கள். படத்தை அதில் இழுத்துப் போட்டால் ஒரு பட்டை ஓடி, கடைசியில் சிவப்பில் நிற்கும்: 'ஆழத் தகவல் சேதம். உடனே மீட்காவிட்டால் நிரந்தரமாக அழியும்.' ஆழத் தகவல் என்றால் படத்தில் எது பக்கத்தில், எது தூரத்தில் என்ற குறிப்பு. அம்மா படம் அழிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் பதறாது? ஆனால் அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. சேமித்து வைத்த ஃபைல் 'உடனே மீட்கவில்லை' என்பதற்காகத் தானாக அழிந்துகொண்டே போகாது. எல்லாம் முடிந்த பிறகு, வெறும் சுவரைச் சாதாரண மோடில் புதிதாகப் படம் எடுத்து அதே கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். அதே சிவப்பு, அதே வாசகம். ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டேன். அதற்கும் ஆழத் தகவல் சேதமாம். ஸ்கிரீன்ஷாட்டில் ஆழத் தகவல் என்று ஒன்று இருக்கவே இருக்காது. அந்தப் பட்டை எதையும் பரிசோதிப்பதில்லை, பயமுறுத்துவதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

பணம் கட்டியதும் 'நிபுணர்' ஒருவர் சாட்டில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். படங்களை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சரிசெய்ய வேண்டும், அதனால் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடுங்கள் என்றார். போட்டேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மவுஸ் அம்பு என் ஃபோல்டருக்குப் போனது. ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக், ரீநேம். பெயரின் கடைசியில் இருந்த எச்இஐசி (ஐபோன் படங்களைச் சேமிக்கும் வடிவம்) என்ற எழுத்துகளை அழித்து, ஜேபிஜி என்று தட்டினார். அடுத்த படம், மறுபடி அதே. அவ்வளவுதான் அவர் செய்த 'மாற்றம்'. டப்பாவின் மேல் ஒட்டிய பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் பொருள் மாறிவிடுமா? உள்ளே இருப்பது அதே எச்இஐசிதான். சும்மா பார்க்க மட்டும் உதவும் சில செயலிகள் பெயரைப் பொருட்படுத்தாமல் அதைத் திறந்து காட்டிவிடும், எடிட்டர் பலவற்றில் பிழைதான் வரும். இது என்ன என்று கேட்டபோது, 'முதல் கட்டம் முடிந்தது, மீதியை எங்கள் சர்வரில் செய்ய வேண்டும்' என்று சொல்லிப் படங்களைத் தங்கள் பக்கம் ஏற்றிக்கொண்டார்.

திரும்பி வந்த படங்களைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம் தீரவே இல்லை. அம்மாவுக்கு மோவாய்க்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. அது இல்லை. கண்ணோரச் சுருக்கங்கள் வழித்தெடுத்தது மாதிரி போய்விட்டன. மூக்குக் கண்ணாடியின் கம்பி காதுக்கு வரும் முன்பே பின்னணியில் கரைந்துவிட்டது. யாரோ ஒரு பெண்மணி, அம்மா சாயலில் இருக்கிறார், அவ்வளவுதான். அளவைப் பார்த்தால் 1600க்கு 1200. தங்கை போனில் இருக்கும் ஒரிஜினல் 4032க்கு 3024, அதாவது சுமார் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். திரும்பி வந்ததில் 20 லட்சம்கூட இல்லை. படத்தைச் சுருக்கி, ஏதோ ஒரு ஏஐ கருவியில் போட்டு முகத்தை வழுவழுப்பாக்கி, அதற்குப் பெயர் மீட்பு. இதை வைத்து எதைப் பெரிதாக அச்சடிப்பது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'நீங்கள் டவுன்லோடு செய்துவிட்டீர்கள், சேவை முடிந்தது' என்றார்கள். அப்புறம் கார்டு கணக்கைப் பார்த்தால், ஒரே முறை கட்டணம் என்று நான் கட்டியது மாதா மாதம் பிடித்தமாகும் சந்தாவாகப் பதிவாகியிருந்தது. அந்த விவரம் பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் நிற எழுத்தில் இருக்கிறது. ரத்து செய்யும் வசதியைக் கணக்குப் பக்கத்தில் எங்கு தேடியும் காணோம். வங்கியில் சொல்லித்தான் நிறுத்தினேன்.

தளத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதே கட்டம், அதே சிவப்புப் பட்டை, அதே வாசகங்களோடு வேறு பெயரில் இன்னொரு தளத்தையும் பார்த்தேன். ஒரு பெயரைச் சொன்னால் மற்றது நல்லது என்று ஆகிவிடும்.

சரி, உண்மையில் படங்களுக்கு என்னதான் ஆகியிருந்தது? ஒன்றும் ஆகவில்லை. இதைத்தான் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போர்ட்ரெய்ட் படம் என்பது ஒரே ஒரு படம் இல்லை. ஐபோனில் இந்த வசதி 2016இல் 7 பிளஸ் மாடலில் வந்தது. மறுவருடம் ஐஓஎஸ் 11 வந்தபோது, புதிய போன்களில் படங்கள் ஜேபெக்குக்கு (ஜேபிஜி என்பதும் இதுதான்) பதில் எச்இஐசி வடிவத்தில் சேமிக்கப்பட ஆரம்பித்தன. அந்த ஒரு ஃபைலுக்குள் முழுக்கத் தெளிவான படம் இருக்கும். கூடவே எது பக்கத்தில், எது தூரத்தில் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் இருக்கும். அதுதான் டெப்த் மேப். எதை எவ்வளவு மங்கலாக்குவது என்பதைப் போன் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதாவது மங்கல் என்பது மேலே போட்ட ஓர் எடிட். அடியில் இருக்கும் படத்தில் மங்கலே கிடையாது.

விண்டோஸில் கேபிள் வழியாகப் பார்க்கும்போது மங்கல் இல்லாத அடிப்படைப் படமும் மங்கல் போட்ட படமும் தனித்தனி ஃபைலாக வரும். ஐஎம்ஜி என்று தொடங்கி எண் மட்டும் உள்ளது அடிப்படைப் படம். எண்ணுக்கு முன்னால் ஈ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்து வருவது மங்கலோடு கூடிய படம். ஏஏஇ என்று முடியும் குட்டி ஃபைல் ஒன்றும் இருக்கும். அது எடிட் குறிப்பு, படம் இல்லை. அதை எந்த எடிட்டரில் போட்டாலும் திறக்காது, அதனால் 'சேதம்' என்று பயப்படவும் வேண்டாம். பெயர் வரிசையில் அடுக்கினால் ஈ சேர்ந்த படங்கள் எல்லாம் கீழே ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே உள்ளதை மட்டும் பார்ப்பவருக்கு மங்கல் தொலைந்துவிட்டது என்றுதான் தோன்றும். அம்மா படங்கள் அத்தனையும் அதே ஃபோல்டரின் அடியில் மங்கலோடு பத்திரமாக இருந்தன. 'நிபுணர்' அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அவை பட்டிருக்காதா?

எடிட்டரில் திறக்காததற்குக் காரணம் இன்னும் எளிது. விண்டோஸுக்கு எச்இஐசி படிக்கக் கூடுதல் நீட்டிப்பு தேவைப்படலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. எச்இவிசி வீடியோ நீட்டிப்பும் சில சமயம் கேட்கும். அதற்கு மட்டும் சிறு தொகை உண்டு, அதையும் ஸ்டோரிலேயே வாங்குங்கள். ஜிம்ப் என்ற எடிட்டர் 2018இல் வந்த 2.10.2 பதிப்பிலிருந்தே எச்இஐசியைத் திறக்கும், முழுக்க இலவசம்.

போனில் ஒரு செட்டிங் முக்கியம். செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதிக்குப் போங்கள். புதிய ஐஓஎஸில் அது ஆப்ஸ் என்ற தலைப்புக்குள் இருக்கும். கடைசியில் மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது பற்றி இரண்டு தேர்வுகள் உண்டு. 'ஆட்டோமேட்டிக்' இருந்தால் போன் வழியிலேயே ஜேபெக்காக மாற்றி அனுப்பும். காப்பி பாதியில் நின்று, சாதனம் வேலை செய்யவில்லை என்று விண்டோஸ் பிழை காட்டுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். 'கீப் ஒரிஜினல்ஸ்' வைத்தால் ஃபைல் உள்ளபடியே வரும், டெப்த் மேப்பும் கூடவே வரும். ஐகிளவுடில் இடம் மிச்சப்படுத்தும் தேர்வை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: முழு அளவுப் படம் போனில் இல்லாமல் ஐகிளவுடில் மட்டும் இருக்கலாம். அங்கிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி. பிக்சல் போன்கள் பல, மங்கல் உள்ளதையும் இல்லாததையும் இரண்டு ஜேபெக் ஃபைல்களாகவே வைக்கின்றன. பெயரில் கவர், ஒரிஜினல் என்று பார்த்தாலே தெரியும். சாம்சங் போன்கள் ஆழத் தகவலை ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே கூடுதலாகச் சேர்த்து வைக்கும். கம்ப்யூட்டரில் திறந்து அதே பெயரில் சேமித்தால் அந்தக் கூடுதல் பகுதி போய்விடும், பிறகு மங்கலின் அளவை மாற்ற முடியாது. அதனால் எந்தப் போனாக இருந்தாலும் ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் எடிட் செய்யுங்கள். மங்கலைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் போனிலேயே செய்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதுதான் எனக்குத் தெரிந்து நல்ல வழி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி எடுக்காதீர்கள், சுருங்கிவிடும். அதில்தான் அனுப்ப வேண்டும் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

படம் பக்கவாட்டில் சாய்ந்து திறந்தால், எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பை எடிட்டர் படிக்கவில்லை என்று அர்த்தம். சுழற்றிச் சேமித்தால் போதும். நிறம் வெளிறித் தெரிந்தால், ஐபோன் பயன்படுத்தும் டிஸ்ப்ளே பி3 நிற வரம்பு காரணமாக இருக்கலாம். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்புக்கு மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள். இந்த இரண்டையும்கூட அந்தத் தளம் 'சேதம்' பட்டியலில் போட்டு விற்கிறது.

முடி ஓரத்திலும் கண்ணாடிக் கம்பியிலும் மங்கல் தப்பாக விழுவது மட்டும் உண்மையான குறைபாடு. ஐபோனின் டெப்த் மேப் பொதுவாக 768க்கு 576 அளவுதான். அவ்வளவு சிறிய வரைபடத்தை வைத்து 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளில் ஒவ்வொரு முடியையும் பிரிப்பது கஷ்டம். அதைக் கையால்தான் திருத்த வேண்டும், எந்த 'மீட்பு' மென்பொருளாலும் மீட்க முடியாது. ஏனென்றால் அங்கே தொலைந்தது என்று எதுவும் இல்லை, ஆரம்பத்திலேயே பதிவாகவில்லை. அதேபோல, மங்கல் ஏற்கெனவே கலந்து தட்டையான ஜேபெக்காகிவிட்ட படத்திலிருந்து பழைய ஆழத் தகவலை யாரும் வெளியே எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்பவர் ஊகித்துப் புதிதாக வரைகிறார். அடோபியின் எடிட்டரான லைட்ரூமில் 2023இல் வந்த லென்ஸ் பிளர் வசதி அதைத்தான் செய்கிறது, ஆனால் அது தன்னை மீட்பு என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் முதலில் கார்டில் தொடர் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்து, வங்கியில் சொல்லி நிறுத்துங்கள். தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளை நீக்குங்கள். மெயில், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அவர்களிடம் போன படங்களில் எடுத்த இடத்தின் குறிப்பும் இருக்கக்கூடும், அது குழந்தைகள் படமாக இருந்தால் இன்னும் கவலைதான். அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. சாட் உரையாடலையும் பணம் கட்டிய பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள், வங்கி அதைத்தான் முதலில் கேட்கும்.

சந்தாப் பிடித்தம் எனக்கு நின்றுவிட்டது. முதலில் கட்டிய தொகைக்கான புகார் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. இதே மாதிரி தளத்திடமிருந்து முழுப் பணத்தையும் திரும்பப் பெற்றவர்கள் இருந்தால், வங்கிப் புகாரில் காரணம் என்னவென்று குறிப்பிட்டீர்கள், எந்த ஆதாரத்தை இணைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.